ஈரம் காயாத கட்டு

மிஸ் என் வலது கையை முதன்முதலாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு மணிக்கூடு ஓடாமல் தொங்கியது. அதன் முள்ளையே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகளின் வயது இருக்கும் அவருக்கு. கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. எங்கள் ஆட்களை அண்ணன் முறை வைத்து நானா என்பார்.

"இஞ்ச நோகுதா நானா?"

"இல்ல."

மணிக்கட்டின் முதுகுப் பக்கம், நடுவில், ஒரு பள்ளம் இருக்கும். அந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இப்ப?"

"இல்ல மிஸ்."

"கண் ஓம் எண்டுது, வாய் இல்லை எண்டுது. நான் எதை நம்புறது?"

பக்கத்துக் கதிரையில் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்த மீனவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இதுதான் என் சுபாவம். நோகுது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் கதை அதோடு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் இதுதான். வாத்தியார் எழுப்பிக் கேட்பாரே என்ற பயத்தில் பல நாள் களப்பின், அந்த உப்புத் தண்ணீர் ஏரியின், கரையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எனக்கு வாய்த்த தொழில் அல்லாஹ் பார்த்துக் கொடுத்தது என்றே நம்புகிறேன். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதில் ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் எனக்கு இடம். வீச்சு ரொட்டி போடுவேன், கொத்துப் போடுவேன். கல்லுக்குப் பின்னால் நிற்கிறவனோடு யாரும் கதைக்க வர மாட்டார்கள். ரொட்டியைக் கொத்துகிற இரண்டு இரும்புத் தகடுகளும் கல்லில் விழுகிற சத்தத்தில் கதைக்கவும் ஏலாது.

அந்தக் கல்லைத்தான் நான் இழக்கப் பார்த்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, பிசைந்த மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்வாசலால் வந்தேன். சீமெந்துத் தரையில் எண்ணெயும் மழைத் தண்ணீரும் கலந்து கிடந்தன. கால் வழுக்கியதும் சட்டியை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மா துளியும் சிந்தவில்லை. முதலாளி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓடி ஒளிய வேண்டும் போலவும் இருந்தது. அந்தப் பெருமையில் கை வலியைச் சொல்லாமல் வேலை செய்தேன். வீக்கம் வந்தது. ஒரு நாள் வீச்சு ரொட்டியை விசிறியபோது மணிக்கட்டுக்குள் ஏதோ 'டிக்' என்றது. மா கையை விட்டுப் பறந்து, தேத்தண்ணி போடுகிறவரின் தோளில் போய்ப் படிந்தது. அவர் அதைச் சால்வை போல் இழுத்துப் போர்த்துக்கொண்டு, "காக்கா எனக்குப் பொன்னாடை போத்திட்டார்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். கடையில் எல்லோருக்கும் நான் காக்கா, அதாவது அண்ணன். அன்றுதான் முதலாளி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எலும்பு உடையவில்லை என்றார் டொக்டர். மணிக்கட்டுக்குள் சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிற நார்களில் ஒன்று பாதி கிழிந்திருக்கிறது என்றார். முழுதாக அறவில்லை என்பதால் கத்தி வைக்கத் தேவையில்லை. கட்டுப் போட்டு அசையாமல் வைத்து, பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி செய்தால் நார் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் மிஸ்ஸிடம் அனுப்பினார்.

மிஸ் கட்டுச் செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு வெள்ளைத் தகடு. அதைச் சுடுதண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது என் ரொட்டி மா போலத் துவண்டுவிட்டது. தூக்கி, துடைத்து, என் கையில் போர்த்தி, விரலால் நீவி நீவி அச்செடுத்தார். சூடு ஆறியதும் அது இறுகி என் கையின் வடிவத்திலேயே நின்றது. உள்ளே போட ஒரு துணி உறை, வெளியே ஒட்டுப்பட்டிகள். இவ்வளவு மெல்லிய தகட்டை ஒரு சுருக்கம் விழாமல் விரிக்கிறாரே என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை.

"நானா, வடிவாக் கேளுங்கோ. இரவும் பகலும் இது கையில இருக்கோணும். குளிக்கேக்கையும் பொலித்தீன் பை கட்டிக்கொண்டு குளியுங்கோ. இந்தக் கையை ஊன்றி எழும்பவே கூடாது. நீங்களாக் கழட்டக் கூடாது. கழட்டிறதெண்டா எனக்கு முன்னால மட்டும்தான். விளங்கிச்சுதா?"

"ஓம் மிஸ்."

"பெரிய கிளினிக்கில டொக்டர் திரும்பப் பாப்பார். அதுக்குள்ள நார் பிடிச்சிட்டால் நல்லம். இல்லாட்டிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிக் கத்திதான். கத்தி வச்சா, பிறகு மணிக்கட்டு முந்தி மாதிரி மடங்குமெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. உங்கட வேலைக்கு அது மடங்கோணும் எல்லோ?"

"ஓம் மிஸ்."

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போதே மதியத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டது. கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய் ஹவுலடியில், அதாவது தொழப் போகுமுன் கை கால் கழுவுகிற தொட்டியடியில், குந்தினேன். அப்போதுதான் யோசனை வந்தது. வுழூச் செய்ய வேண்டுமென்றால் முழங்கை வரைக்கும் தண்ணீர் பட வேண்டும். கையில் கட்டு. சுஜூதில், நெற்றியை நிலத்தில் வைக்கும்போது, உள்ளங்கையும் நிலத்தில் படிய வேண்டும். இந்தத் தகட்டோடு எப்படிப் படியும்?

மிஸ்ஸிடம் திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் வேறு வேதத்துப் பிள்ளை. 'அப்ப கொஞ்ச நாளைக்குத் தொழாதீங்கோ' என்று சொல்லிவிட்டால் அதற்கு என்ன பதில் சொல்வேன்? மௌலவியிடம் கேட்கலாம். ஆனால் மௌலவியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். இவ்வளவு வயதாகியும் இது தெரியாதா என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைக் கடந்து மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒட்டுப்பட்டிகளைப் பிரித்தேன். கட்டைத் தொட்டி விளிம்பில், யாரோ கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். கையைக் கழுவினேன். வெறுங்கையோடு போய்த் தொழுதேன். சுஜூதில் உள்ளங்கையை ஊன்றியபோது வலி தோள் வரைக்கும் ஏறியது. எழும்பும்போது இன்னும் கூட. தொழுது முடித்து ஈரக் கையில் கட்டைத் திரும்பப் போட்டேன்.

அன்றிலிருந்து அஞ்சு நேரமும் அதே கதைதான்.

கல்லில் வேறு ஆளைப் போட்டார் முதலாளி. மூதூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயதுக்குள், வாய்க்காரன். "கை சுகமானதும் கல்லு உங்கடதான் காக்கா" என்று முதலாளி என்னிடம் சொன்னார். சுகமாகாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவரைக்கும் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ஆட்களுக்கு முன்னால் நிற்கிற வேலை. அதுவும் இடது கையால்.

நம் ஆட்களுக்கு இடது கையால் சாப்பாடு கொடுப்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன காக்கா, நாய்க்கா வைக்கிறீங்க?"

நான் வலது கையைத் தூக்கிக் கட்டைக் காட்டினேன். அவர் சங்கடப்பட்டு, "ஆ, பரவால்ல, பரவால்ல" என்றார். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் கட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. கோப்பையை இடது கையில் பிடித்து, வலது கை விரல் நுனிகளை அதற்குக் கீழே கொடுத்து வைக்கப் பழகினேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுப்பது போலத் தெரியும். பாரம் முழுதும் மணிக்கட்டில் விழும். அதையும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

பள்ளிவாசலில் இன்னொன்று நடந்தது. ஹவுலடியில் நான் கட்டைக் கழற்றுவதைப் பார்த்த ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் இருந்தவரிடம், "பாருங்க, கை இந்த நெலமையில இருந்தும் ஆள் ஜமாஅத்துத் தொழுகையை விடுறாரில்ல" என்றார். வாழ்க்கையில் என்னை ஆட்களுக்கு நடுவில் வைத்து யாரும் மெச்சியதில்லை, மாவுச் சட்டியைத் தவிர. அதற்குப் பிறகு கழற்றாமல் இருப்பதும் வெட்கமாகிவிட்டது.

வாரத்துக்கு ஒரு தரம் மிஸ்ஸிடம் போவேன். போகிற நாளில் உறையை மாற்றிக் காய்ந்ததைப் போட்டுக்கொள்வேன். மிஸ் கட்டைக் கழற்றி விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார். இரண்டு சட்டம் பொருத்திய அளவுகோலை மணிக்கட்டில் வைத்து எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார். வீக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

"இவ்வளவு நாளைக்கு இது வத்தியிருக்கோணுமே. கழட்டுறீங்களா நானா?"

"இல்ல."

"கையை ஊன்றுறீங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்ப நான்தான் ஏதோ பிழையாச் செய்யிறனோ தெரியேல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து படங்களைப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

பெரிய கிளினிக் நெருங்கியது. அதற்கு முதல் நாள் மிஸ் வரச் சொல்லியிருந்தார், தன் பங்குக்கு அளந்து டொக்டருக்கு எழுதிக் கொடுக்க. அதற்கும் முந்திய மாலை நல்ல மழை. பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்தபோது கட்டு உள்ளும் புறமும் நனைந்திருந்தது. உறையைக் கழற்றி முகர்ந்தேன். ஊற வைத்து மறந்துபோன கடலை மணம். இந்த மணத்தோடு மிஸ்ஸின் முன்னால் போய் எப்படிக் கையை நீட்டுவது? கடையில் எங்களுக்கு எது நனைந்தாலும், துணியோ உடுத்த சாரமோ செருப்போ, ரொட்டிக் கல்லின் ஓரத்தில்தான் காய வைப்போம். அதே பழக்கத்தில் கட்டையும் கல்லின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு மேசைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"காக்கா! ஓடி வாங்க! உங்கட கை வேகுது!"

மூதூர்க்காரனின் குரல். திரும்பினால், கட்டு கல்லின் மேல் துவண்டு கிடக்கிறது. சுடுதண்ணீரில் துவண்டது கல்லின் சூட்டில் துவளாதா? அந்த யோசனை எனக்கு வரவேயில்லை.

"ஒரு பக்கம் வெந்திட்டு. மற்றப் பக்கம் திருப்பிப் போடவா? முட்டை ஒண்டு உடைச்சு ஊத்தவா?"

கடையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். நான் அதை அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடி, மிஸ் செய்தது போலவே கையில் போர்த்தி நீவினேன். ரொட்டி மாவை இத்தனை வருஷம் விரித்த கை அல்லவா, ஏலும் என்று நினைத்தேன். இடது கை மட்டும் போதவில்லை. ஆறி இறுகியபோது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் ஒரு பக்கம் பெருவிரலைக் குத்திக்கொண்டும் நின்றது. சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தேன்.

மறுநாள் என் பெண்சாதியும் கூட வந்தாள். கத்தி என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. வீட்டிலிருந்து வந்த பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது, "நானே மிஸ்ஸிட்டக் கேக்கப் போறன். நீங்க ஒண்டும் கேக்க மாட்டீங்க" என்றாள்.

மிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டைப் பார்த்தார். பிறகு கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார்.

"இது நான் செய்த வடிவம் இல்லையே. நானா, இதுக்கு என்ன நடந்தது?"

நான் சட்டைக் கையை மறுபடியும் கீழே இழுத்துவிட்டேன். மிஸ் கட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"மணக்குதே. எப்பிடி இவ்வளவு நனைஞ்சது?"

"அது காயிறதே இல்ல மிஸ்" என்றாள் என் பெண்சாதி. "அஞ்சு நேரமும் கழட்டிக் கழட்டிக் கழுவினா எப்பிடிக் காயும்? நானும் எத்தனை உறையைத்தான்..."

நான் அவளுடைய காலை மெல்ல மிதித்தேன்.

"என்னத்துக்குக் காலை மிதிக்கிறீங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள்.

அந்த மண்டபத்தில் இழுவைக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர், பந்து நசுக்கிக்கொண்டிருந்தவர், எல்லோரும் திரும்பினார்கள். முழங்கால் மீனவரும் அன்று வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அது சிரிப்பை விட மோசமாக இருந்தது.

"அஞ்சு நேரமுமா?" என்று மிஸ் கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"ஓம் மிஸ். தொழ. மிஸ்தான் கழட்டச் சொல்லியிருப்பீங்க எண்டு நான் நெனச்சன்" என்றாள் அவள். அவள் முகத்திலும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொழேக்க கையை நிலத்தில ஊன்றுவீங்கள் எல்லோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"கட்டு இல்லாமலா?"

மறுபடியும் ஆட்டினேன்.

மிஸ் கதிரையில் பின்னால் சாய்ந்தார். "அந்த நார் பிடிக்கப் பிடிக்க நீங்கள் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் பிச்சு விட்டிருக்கிறீங்கள். நான் இஞ்ச இருந்து புத்தகம் படிக்கிறன், எனக்கு என்ன தெரியாமப் போச்செண்டு." கட்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு உங்கட சட்டம் தெரியாது நானா. ஆனா ஒரு வழி இருக்கும். கை உடைஞ்ச ஆக்கள் உங்களுக்குள்ள முந்தியும் இருந்திருப்பினம் எல்லோ? போய்க் கேளுங்கோ" என்றார்.

அடுத்த நாள் கிளினிக். டொக்டர் என் கையை வளைத்துப் பார்த்தார். மிஸ் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். முகம் சுருங்கியது. மிஸ்ஸைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மிஸ் பதில் சொன்னார். டொக்டர் மறுபடியும் கேட்டார், இந்த முறை சத்தமாக. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கடையில் ரொட்டி கருகினால் முதலாளி பார்க்கிற பார்வை எனக்கு விளங்கும். அந்தப் பார்வைதான் அது. மிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. என்னைச் சுட்டிக்காட்டவும் இல்லை.

இன்னும் ஒரு தவணை பார்க்கலாம் என்று டொக்டர் தமிழில் சொன்னார். அதற்குப் பிறகு கண்டிதான்.

வெளியே நடையில் மிஸ் வேகமாக நடந்தார். நான் பின்னால் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர்தான் நின்று கேட்டார்.

"இனிக் கழட்டுவீங்களா?"

"இல்ல."

"இது போன மாசம் சொன்ன அதே 'இல்ல'யா, இல்லாட்டிப் புது 'இல்ல'யா?"

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு, ஆட்கள் கலைந்து போகும் வரை செருப்பு வைக்கிற இடத்தில் நின்றேன். மௌலவி எங்கள் கடையில் உறைப்புக் குறைத்துக் கொத்துச் சாப்பிடுகிறவர், என்னை விடப் பல வயது இளையவர். அவர் செருப்பைப் போடக் குனிந்தபோது சொன்னேன்.

"மௌலவி, என்ட கூட்டாளி ஒருத்தருக்குக் கையில கட்டு..."

அவர் குனிந்தபடியே என் கையைப் பார்த்தார்.

"கூட்டாளிக்கா?"

"ஓம்."

"அவருக்கும் வலது கைதானா?"

"ஓம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் நல்ல மனிதர், 'கூட்டாளி'யை விடவில்லை. "கழட்டினா அவர்ர கைக்குக் கூடாதெண்டு வைத்தியர் சொன்னாரா?"

"சொன்னாங்க."

"அப்ப அவர் கழட்டக் கூடாது. வெளிய தெரியிற இடத்தைக் கழுவட்டும். கட்டுக்கு மேலால ஈரக் கையால தடவட்டும். அந்தக் கைக்காகத் தண்ணிக்குப் பதிலா மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யட்டும். சுஜூதில ஊன ஏலாட்டி ஊனாம விடட்டும். கதிரையில இருந்து தொழுதாலும் தொழுகைதான். உங்கட கூட்டாளிட்டச் சொல்லுங்க, அவர்ர கையை முறிச்சுத் தொழச் சொல்லி அல்லாஹ் கேக்கல்ல."

இவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்புகிற நேரம். இதைக் கேட்கப் பயந்துதான் நான் ஒரு கையைத் தொலைக்கப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் போலவே நான் விட்டுவிட்டு ஓடிய மதரஸாவில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பாடம் அது.

நான் 'ஜஸாகல்லாஹ்' என்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவர் பின்னாலிருந்து, "இது கன பேருக்குத் தெரியாது காக்கா. வெள்ளிக்கிழமை பயானில சொல்லப் போறன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எங்கே வரும்? "ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர் சொன்னார். பேர் சொல்லவில்லை. "ஒரு சகோதரர் வந்து கேட்டார்" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அந்தப் பள்ளிவாசலில் கையில் வெள்ளைத் தகட்டோடு இருந்த சகோதரர் நான் ஒருவன்தான். முன் வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என்னை மெச்சிய பெரிய மனிதரும் திரும்பினார். கையைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த மூதூர்க்காரன் என் காதில், "கல்லில காய வச்சாக் கூடுமா எண்டும் கேட்டிருக்கலாமே காக்கா" என்றான்.

தொழுகை முடிந்து வெளியே வரும்போது காலில் புண் கட்டோடு இருந்த ஒரு வயதான தோணிக்காரர் என் தோளைத் தொட்டார். "நல்ல வேலை கேட்டீங்க. நானும் இவ்வளவு நாளும் அவுட்டுத்தான் கழுவினேன்" என்றார். அவருக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மிஸ் புதுக் கட்டுச் செய்தார். இந்த முறை தகடு சுடுதண்ணீரில் கிடந்தபோதே கேட்டார். "வேற என்னென்னத்துக்குக் கழட்டுவீங்கள்? வேற எதில பாரம் குடுப்பீங்கள்? இப்பவே சொல்லுங்கோ. தகடு ஆறினாப் பிறகு சொன்னாச் சரிவராது."

நான் சுவரைப் பார்த்தபடியே கோப்பையின் கதையைச் சொன்னேன். இடது கையால் வைத்தால் ஆட்கள் முகம் சுளிப்பதை, விரல் நுனி கொடுத்துப் பிடிப்பதை எல்லாம். ஒரு பெண் பிள்ளையிடம் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல். மிஸ் கேட்டுவிட்டு, "தட்டத்தில வச்சுக் கொண்டுபோய் மேசையில வையுங்கோ. அவையளே எடுக்கட்டும்" என்றார். அந்தத் தட்டம் கடையில் எப்போதும் இருந்தது.

கட்டு காய்ந்தே இருந்தது. கதிரையில் இருந்து தொழுதேன், வரிசையின் கடைசியில். வீக்கம் வற்றியது. பிறகு மிஸ் பயிற்சி தொடங்கினார். முதலில் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது. பிறகு ஒரு சரிவான அசைவு. மணிக்கட்டைப் பெருவிரல் பக்கமாகப் பின்னால் எடுத்து, சின்ன விரல் பக்கமாக முன்னால் இறக்க வேண்டும். கிழிந்த நாருக்கு அந்த அசைவில்தான் இழுவை குறைவாம்.

"ஆணி அடிக்கிற மாதிரி" என்றார் மிஸ். எனக்குச் சரியாக வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொத்து எப்பிடிப் போடுவீங்கள்? தகடு இல்லாமச் செய்து காட்டுங்கோ" என்றார்.

காற்றில் கொத்துப் போட்டேன். முழங்கால் மீனவர், "எனக்கு ஒரு பாசல் கட்டுங்க, முட்டை ரெண்டு" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது. என் காது சூடாகியது. ஆனால் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிஸ் ஏசுவார்.

தவணைக்கு டொக்டர் பார்த்தார். கண்டி வேண்டாம் என்றார். மிஸ்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், இந்த முறை மெதுவாக. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நான் கல்லில்தான் நிற்கிறேன், பாதி ஆளாக. மணிக்கட்டு பின்பக்கம் முழுதாக வளைவதில்லை. வீச்சு ரொட்டி எனக்கு இனி வராது. மூதூர்க்காரன் ரொட்டி வீசுகிறான், நான் கொத்துகிறேன். பழைய வேகம் இல்லை. புது ஆட்கள் யாராவது என் கையைப் பற்றிக் கேட்டால் அவன் முந்திக்கொண்டு, "அது ஒருக்கா வெந்த கை" என்று முதலிலிருந்து கதை சொல்வான். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு கொத்துவேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன்.

கல்லுக்குத் திரும்பிய வாரம் ஒரு கொத்துப் பாசல் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் சத்தம் போட்ட அன்று நடையில் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மிஸ் கதவடியில், நோயாளிகள் உட்காருகிற வாங்குக்குப் பக்கத்தில், வந்து நின்றதும் எல்லாம் மறந்துபோனது. பாசலை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன், இடது கை. இத்தனை மாதப் பழக்கம். கூசிப்போய்ப் பட்டென்று வலது கைக்கு மாற்றி நீட்டினேன். சூடான, பாரமான பாசல். உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு லேசாகக் கீழே சாய்ந்தது.

மிஸ் பாசலை வாங்கவில்லை. மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"நோகுதா நானா?"

வாயில் 'இல்ல' வந்து நின்றது. மணிக்கூட்டைத் தேடினேன். அந்தக் கதவடியிலிருந்து அது தெரியவில்லை.

"ஓம் மிஸ்" என்றேன். "கொஞ்சம் நோகுது."

"அப்ப என்னத்துக்குத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்? அந்த வாங்கில வையுங்கோ" என்றார்.

வைத்தேன்.